பழைய லேப்டாப் விளம்பரங்களில் முழு எண்ணைப் போடச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கும் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் கேம் ஆடவும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவது எப்படி என்று உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிது வாங்க வசதிப்படாதவர்களுக்குப் பழையது நல்ல வழி என்று எழுதியிருந்தது முழுக்கச் சரி. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்ற இடம் வந்ததும், ஐ5 அல்லது ஐ7 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இவை இருந்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை மட்டும் நம்பி வாங்கப் போகிறவர் ஏமாற நிறைய வாய்ப்பு இருக்கிறது. லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். வாங்கிய மறுவாரமே என் மேசைக்கு வந்து சேரும் லேப்டாப்களில் பல, அந்த ஒரு வரிக்குள் கச்சிதமாக அடங்குபவை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேப்டாப்பில் வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. எவ்வளவு செலவு செய்தாலும் மாற்ற முடியாதவை சில உண்டு. ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பேட்டரி, விசிறி, கீபோர்டு எல்லாம் பெரும்பாலான மாடல்களில் மாற்றக்கூடியவை. லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர் அப்படியில்லை; இன்றைய லேப்டாப்களில் அதை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். கிராஃபிக்ஸ் சிப்பும் அப்படியே. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமும் அப்படியே. இப்போது உங்கள் விளம்பரப் பக்கத்தையே எடுத்துப் பாருங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், புதிய விண்டோஸ், ஏ கிரேடு என்று பெரிய எழுத்தில் இருப்பவை அநேகமாக எல்லாமே விற்பதற்கு முந்தைய நாள் மாற்றிப் போடக்கூடியவை. மாற்றவே முடியாத விஷயத்துக்கு 'ஐ7' என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். நான் சொல்ல வந்தது இதைத்தான்: மாற்ற முடியாததை முதலில் பாருங்கள், மற்றதற்கு அப்புறம் வாருங்கள்.

ப்ராசஸரிலிருந்து தொடங்குகிறேன். இன்டெலின் கோர் ஐ7 என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. வெறும் ஐ7 என்றால் அது எந்தக் காலத்து ஐ7 என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ7-7500யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் பதினோராம் தலைமுறை. 2016-ல் வந்த அந்த ஐ7-7500யுவுக்குள் இருப்பது இரண்டே கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள்). அடுத்த வருடமே வந்த ஐ5-8250யுவில் நான்கு. அதாவது பெயரளவில் சின்னதாகத் தெரியும் ஐ5, பல வேலைகளை ஒரே நேரத்தில் கொடுக்கும்போது பெரிய பெயருள்ள ஐ7-ஐத் தாண்டிப் போய்விடும். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், பின்னால் ஒரு எக்செல் ஃபைல், நடுவில் வீடியோ மீட்டிங் என்று இன்றைக்கு அலுவலக வேலை இருக்கும் நிலையில் இந்த வித்தியாசம் அன்றாடம் உறைக்கும். இரண்டு கோர் உள்ள மெஷினில் மீட்டிங் ஓடும்போது ஒரு ஃபைலைத் திறந்தாலே குரல் விட்டுவிட்டு வரும். எஸ்எஸ்டி போட்டாலும் ரேம் கூட்டினாலும் அது முழுதாகத் தீராது.

கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் ப்ராசஸரின் முழுப் பெயர் வலது மேல்மூலையில் வரும். நேரில் போக முடியாவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடனே அனுப்புகிறவரிடம் மேற்கொண்டு பேசலாம். ஐ7தான், நல்லா ஓடும், நேரில் வாருங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏஎம்டி ரைசன் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே பெரிய எண் என்றாலே புதியது என்று நினைத்துவிடக் கூடாது. ரைசன் 5 5500யுவும் 5600யுவும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். உள்ளே 5500யு ஒரு தலைமுறை பழைய ஜென் 2, 5600யுதான் ஜென் 3. ஜென் என்பது ஏஎம்டி ப்ராசஸரின் உள்வடிவமைப்புக்குப் பெயர். 7000 வரிசை வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 7520யுவில் மூன்றாவது இலக்கம் 2, அதனால் அது ஜென் 2. 7530யு ஜென் 3. 7640யு ஜென் 4. ஆக, பெயரைப் பார்த்தால் புத்தம் புதியதாகத் தெரியும் 7520யுவை விட, அதற்கு முன்பே வந்த 5600யு வேலைக்கும் விளையாட்டுக்கும் நல்லது. 7520யுவின் கிராஃபிக்ஸும் மிகச் சிறியது. விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அதனால் அவரைக் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

அடுத்தது விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் ஒருசில விதிவிலக்குகள் தவிர இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டி லேப்டாப்களில் ரைசன் 3000 வரிசையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் அலுவலகங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியே வந்திருக்கின்றன. அவற்றில் ஏதாவது குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி, 'விண்டோஸ் 11 உள்ளது' என்று விளம்பரம் போடுகிறார்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஓடும். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தருவதாக எந்த உத்தரவாதமும் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்கும் அலுவலக மெயிலும் திறக்கப்போகிற மெஷினில் இது சின்ன விஷயமில்லை. விளையாட்டிலும் இது வந்து இடிக்கும்: வேலரன்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆட வேண்டுமென்றால், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பு வசதியும் இயங்கியே ஆக வேண்டும். பழைய மெஷினில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்து வேலைக்கும் பிரவுசருக்கும் தாராளமாகப் போடலாம், நானே பலருக்குப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் வேலரன்ட் மாதிரி சில ஆன்லைன் விளையாட்டுகள் அதில் ஓடாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

இப்போது ரேம். கட்டுரையில் 8 ஜிபி போதும் என்று இருந்தது. வேலைக்கு மட்டும் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேமும் ஆட வேண்டுமென்றால் போதாது. காரணம், ப்ராசஸரோடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் கிடையாது. நம்முடைய ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அந்த 8 ஜிபியில் ஒரு பகுதி அங்கே போய்விட்டால் விண்டோஸுக்கும் கேமுக்கும் மிச்சம் கொஞ்சம்தான்.

அளவு மட்டும் பார்த்தாலும் பற்றாது. உள்ளே செருகியிருக்கும் ரேம் பலகை, அதாவது ஸ்டிக், ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாக இருந்தால் தரவு இரண்டு பாதையில் ஓடும். கிராஃபிக்ஸுக்கு அதுதான் உயிர். பதினோராம் தலைமுறை ஐ5-1135ஜி7-ல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிறது. அதே மெஷினில் ஒரே ஒரு ரேம் ஸ்டிக் மட்டும் போட்டிருந்தால் விண்டோஸ் அதை ஐரிஸ் எக்ஸ்இ என்றே காட்டாது, சாதாரண யுஹெச்டி என்று காட்டும். கேமின் வேகமும் அதற்கேற்றபடி இறங்கிவிடும். இந்தக் காரணத்தால் 'போர்டில் கோளாறு' என்று என்னிடம் வந்த லேப்டாப்கள் உண்டு. காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு ஸ்டிக் செருகியதும் வேலை முடிந்தது.

ஆனால் ஸ்லாட் இருந்தால்தானே செருக முடியும்? இதற்கும் டாஸ்க் மேனேஜரிலேயே பதில் இருக்கிறது. மெமரி என்பதைத் தொட்டால் கீழே எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று வரும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அநேகமாகப் போர்டில் பற்றவைத்தது. லெனோவோவின் திங்க்பேட் டி480-ல் இரண்டு ஸ்லாட்டுகள் இருந்தன. அடுத்து வந்த டி490-ல் ஒரு பகுதியைப் பற்றவைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்லாட்தான் விட்டார்கள். மெல்லிய திங்க்பேடான எக்ஸ்1 கார்பனில் முழுவதுமே பற்றவைத்தது. மெல்லியதாக, எடை குறைவாக இருக்கிறதே என்று 8 ஜிபி எக்ஸ்1 கார்பனை வாங்கிக்கொண்டு வந்து, 'இதில் 16 ஆக்கிக் கொடுங்கள்' என்று கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கொஞ்சம் கேம் என்றால் என்ன என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக், வேலரன்ட், ஸ்டார்ட்யூ வேலி, 2015-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 இந்த வகை என்றால், இரண்டு ஸ்டிக் ரேமோடு இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இயோ ரைசன் 5600யுவோ போதும். செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாகவே ஆடலாம். ரைசன் 6000 வரிசையில் 660எம், 680எம் கிராஃபிக்ஸ் உள்ள மெஷின் கிடைத்தால் இன்னும் சௌகரியம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. தனி கார்டு இல்லாமல் ஆகாது.

தனி கார்டு உள்ளதை வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். ஜிடிஎக்ஸ் 1050, 1060 இருக்கும் லேப்டாப்கள் இப்போது நிறையக் கைமாறுகின்றன. அந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும். ஜிடிஎக்ஸ் 1650 அதற்கு அடுத்த தலைமுறை, அதனால் இதில் சிக்கவில்லை. இரண்டாவது, கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குக் கொடுக்கும் மின்சாரம் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். ஆர்டிஎக்ஸ் 3050-ஐ 35 வாட்டிலும் ஓட்டுகிறார்கள், 80 வாட்டிலும் ஓட்டுகிறார்கள். மெல்லிய உடம்புக்குள் 35 வாட்டில் அடைபட்டிருப்பது, தடித்த உடம்பில் 80 வாட்டில் ஓடுவதன் பக்கத்தில்கூட வர முடியாது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச மின்சாரம் எத்தனை வாட் என்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனாலும் வேலைதான் முக்கியம், கேம் இடையிடையேதான் என்றால், கேமிங் லேப்டாப்பை விட அலுவலக வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன்: திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். பெரிய நிறுவனங்கள் இவற்றை மொத்தமாக எடுத்து, சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. நாள் முழுவதும் மேசையில் டாக் என்ற இணைப்புப் பெட்டியில் மாட்டியே கிடந்தவை நிறைய. கீபோர்டுகூடத் தேயாமல் இருக்கும். உதிரிப் பாகம் எளிதாகக் கிடைக்கும். எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு கூடிய கையேட்டை, லேப்டாப்பைத் தயாரித்தவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் இரவும் பகலும் கேமில் கொதித்த மெஷினை விட இது நீடித்து உழைக்கும்.

ஆனால் இந்த அலுவலக லேப்டாப்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. என்னை எழுத வைத்ததே அதுதான்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்பவர். சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது; பார்ப்பதற்கு ஒரு கீறல் இல்லை, பதினோராம் தலைமுறை, 16 ஜிபி, எல்லாம் பொருத்தம். வாங்கி ஒரு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. ஏதோ மெதுவாக இருக்கிறதே என்று அவரே ரீசெட் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் புதிதாக ஏறி, வைஃபை பாஸ்வேர்டு கேட்டு, அதைப் போட்டதும் திரையில் வேறொரு நிறுவனத்தின் பெயரும், அவர்கள் ஊழியர் மெயிலைப் போடச் சொல்லும் கட்டமும் வந்து நின்றுவிட்டது. "அண்ணா, இது யாரோட கம்பெனி? நான் எங்கேயும் வேலைக்குச் சேரலையே" என்றார். நான் எஸ்எஸ்டியையே கழற்றிவிட்டு வேறொன்று போட்டேன். மறுபடி அதே திரை.

அது எஸ்எஸ்டியில் இருக்கும் பூட்டு இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் பதிவு செய்து வைக்கின்றன. மெஷினின் வன்பொருள் அடையாளம் அங்கே பதிவாகியிருக்கும். எத்தனை முறை விண்டோஸ் மாற்றிப் போட்டாலும், முதல்முறை அமைக்கும்போது இணையத்தில் இணைந்ததும் இது எங்கள் மெஷின் என்று அந்த நிறுவனத்தின் திரை வந்துவிடும். கழித்துவிடும்போது பதிவிலிருந்து நீக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். மெஷின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் மாட்டிக்கொள்வது கடைசியாகக் காசு கொடுத்தவர். நெட் இல்லாமல் அமைத்துக் கொடுத்துவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது, அடுத்த ரீசெட் வரை எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பெண்ணிடம் விற்றவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. வாரக் கடைசிக்குள் ஒருவருக்குக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் திரையைத் தாண்டிப் போகத் தந்திரங்கள் இல்லாமல் இல்லை. யாருடைய மெஷின் என்று தெரியாமல் அதைச் செய்ய நான் தயாராக இல்லை. அவருடைய வேலை நிற்காமல் இருக்க என்னிடமிருந்த ஒரு பழைய மெஷினை இரவலாகக் கொடுத்து அனுப்பினேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரை வைத்துக்கொண்டே ரீசெட் கொடுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். உங்களுடைய சொந்தக் கணக்கைக் கேட்கும் திரை வந்தால்தான் பணம். அரை மணியோ முக்கால் மணியோ ஆகும், ஆகட்டும்.

விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அமைப்புக்குள் இருக்கும் பூட்டையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். மெஷினை அணைத்துவிட்டு, திரும்ப ஆன் செய்யும்போது எஃப்1, எஃப்2, எஃப்10 என்று அந்தந்த மாடலுக்கான விசையை அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டு, விற்பவருக்கும் தெரியவில்லை என்றால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோ தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மேக்புக் என்றால் முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு விழும். அதுவும் இதே கதைதான்.

கேம் ஆடுபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று, சூடு. கடையில் ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல லேப்டாப்களில் ப்ராசஸர் முதல் அரை நிமிடம் தன் அளவுக்கு மேல் மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும், அப்புறம் தன் நிலைக்கு இறங்கும். விசிறியில் தூசி அடைத்து, உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் இறங்குவது ஒரேயடியாக இறங்கும். இருபது நிமிடமாவது ஒரு கேமை ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். விடாமல் 95 டிகிரிக்கு மேல் நின்று, ஆட்டமும் தடுக்கித் தடுக்கி ஓடினால் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். பயந்து ஓட வேண்டியதில்லை. இது சரிசெய்யக்கூடிய வேலை, அதைச் சொல்லி விலையைப் பேசிக் குறைக்கலாம்.

பேட்டரிக்கும் இதேதான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து (ஆங்கிலத்தில் powercfg /batteryreport) அடித்தால் ஒரு அறிக்கை உருவாகும். தயாரித்தபோது எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு எண் இருக்கும். 50,000 இருந்தது 30,000-க்கு வந்திருந்தால் அறுபது சதவீதம்தான் மிச்சம், புது பேட்டரிக்கான செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 'புது பேட்டரி போட்டிருக்கு' என்று சொல்லி, அறிக்கையில் அந்த இரண்டு எண்ணும் துளி வித்தியாசமில்லாமல் ஒன்றாகவே இருந்து, சில வாரமாக ஓடிய மெஷினிலும் சார்ஜ் சுழற்சி பூஜ்யம் என்று காட்டினால் நான் அந்த அறிக்கையை நம்பமாட்டேன். மட்டமான பேட்டரிகள் அப்படித்தான் காட்டும். ஒரு மணி நேரம் சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதே மேல்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பேரமே வேண்டாம். லேப்டாப்பைச் சமமான மேசையில் வைத்து நான்கு மூலையையும் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் இருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கீலைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். திரையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து, கீல் இருக்கும் இடத்தில் திரையின் சட்டம் பிளந்து இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். கீல் இறுகிப்போனால், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் அடியிலுள்ள பிளாஸ்டிக் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடையும். வெளியே முதலில் ஒரு மயிரிழை இடைவெளி மட்டும்தான் தெரியும். சில வாரத்தில் மேல்மூடியே கையோடு வந்துவிடும். சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள். டெல் லேப்டாப்களில் உருண்டைப் பின் உள்ள சார்ஜரின் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். மெஷின் தன் சார்ஜரை அடையாளம் காண்பது அதன் மூலம்தான். அது வளைந்தோ உடைந்தோ போனால் மெஷின் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். இதை ப்ராசஸர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். கீபோர்டு, கேமரா, ஸ்பீக்கர், யுஎஸ்பி எல்லாம் ஐந்து நிமிட வேலை, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாள் முழுவதும் பார்க்கப்போகும் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1366 x 768 திரை உள்ளதை இனி வாங்க வேண்டாம். எக்செலில் பாதிக் கட்டங்கள் மறைந்துபோகும். 1920 x 1080 அளவில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையாகப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அலுவலக வரிசையில் மங்கலான திரை போட்டு வந்த மாடல்கள் நிறைய உண்டு. பல மாடல்களில் நல்ல திரையை மாற்றிப் போடவும் முடியும் என்பதால் இதற்காக மட்டும் ஒரு நல்ல மெஷினை நான் ஒதுக்கமாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வரி விளம்பரப் பகுதியில் வீடு விற்பவர் சதுர அடியைச் சொல்கிறார், வாகனம் விற்பவர் எந்த வருட மாடல் என்று சொல்கிறார். லேப்டாப் விற்பவர் மட்டும் 'ஐ7, நல்ல கண்டிஷன்' என்று எழுதினால் போதும் என்று ஏன் விட்டுவைக்கிறோம்? விளம்பரப் படிவத்தில் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்குங்கள். ப்ராசஸரின் முழு எண். ரேம் கழற்றக்கூடியதா, பற்றவைத்ததா. வாங்குபவர் முன்னால் ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துக் காட்ட விற்பவர் சம்மதிக்கிறாரா, இல்லையா. உண்மையாக விற்பவருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை; அவருடைய பொருள்தான் சீக்கிரம் விற்கும். வரி கூடிவிடும் என்று விளம்பரப் பிரிவில் சொல்லக்கூடும். 'நல்ல கண்டிஷன்' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் எண்ணுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது பார்க்கும் உங்கள் வாசகர்